அண்ணன் வயிற்றில் துடித்தது

அண்ணன் மல்லாந்து படுத்தால் வயிற்றின் மேல் கிடந்த வேட்டி அசையும். மூச்சுக்கு அசைவது வேறு. இது நாடி மாதிரி விட்டு விட்டு அசைந்தது. தொப்புளுக்குச் சற்று இடப்பக்கம் கை வைத்தால் உள்ளங்கையைத் தள்ளும். முதலில் அவருக்கே அது வேடிக்கைதான். சுருட்டை வாயோரம் ஒதுக்கிக்கொண்டு, "ஏலே, இங்கன கை வையி. உள்ள எவனோ கதவத் தட்டுறான்" என்பார். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர்கள் "எத்தனை மாசமாம்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

சுருளிப்பட்டியில் வயிற்றுத் துடிப்பு தொப்புளை விட்டு விலகினால் அது குடலேத்தம். பாரம் தூக்குகிறவனுக்குக் குடல் இடம் மாறிவிடும், விளக்கெண்ணெய் போட்டு வழித்தால் இறங்கிவிடும் என்பார்கள். அண்ணன் மலைமேல் அணை வேலைக்குச் சுண்ணாம்பு மூட்டை சுமந்தவர். ஆகவே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மதினி செவ்வாயும் வெள்ளியும் வழிக்கிறவரை வரவழைத்தார். அவர் இரண்டு கட்டைவிரலாலும் துடிக்கிற இடத்தைத் தேடிப் பிடித்து அமுக்குவார். துடிப்பு இறங்கவில்லை. எலுமிச்சை அளவில் தட்டுப்பட்டது அடுத்த அறுவடைக்குள் மாதுளை அளவாயிற்று. முதுகிலும் வலி கண்டது.

உத்தமபாளையத்துக்கு வண்டி கட்டினேன். அங்கே டாக்டர் அண்ணன் வயிற்றில் பூவைத் தொடுவது போலக் கை வைத்தார். பிறகு என்னை மட்டும் வெளியே அழைத்தார்.

"வழிச்சீங்களா?"

தலையாட்டினேன்.

"இனிமே யாரும் தொடக்கூடாது. இது குடல் இல்லை. நெஞ்சிலேருந்து இறங்குற பெரிய ரத்தக்குழாய். கிணத்துல தண்ணி இறைக்கிற கமலைச் சாலுக்குக் கீழே கட்டுற தோல் ஒரு இடத்துல நைஞ்சா என்ன ஆகும்?"

"தண்ணி பாயிறப்ப அங்கன மட்டும் புடைக்கும்."

"புடைக்கப் புடைக்கத் தோல் மெலியும். மெலிய மெலிய இன்னும் புடைக்கும். ஒரு நாள் கிழிஞ்சுடும். அதுதான் இங்கேயும். ஏன் நைஞ்சுதுன்னு எனக்குச் சொல்லத் தெரியலை."

"தோலத் தைப்பம் சாமி. இதத் தைக்க முடியாதா?" நான் அவ்வளவு பேசியதே அதிகம்.

"அந்த வித்தை யாருக்கும் கைவரலை. படுத்தே இருக்கட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை வழிக்கிறவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் நான். வாசலை மறித்து நின்று, "வேண்டாம் மாமா" என்றேன். அவர் கிண்ணத்தை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"குடல் வழிச்சு எவன் செத்தான்? ஒரு பேரு சொல்லுங்க தம்பி, கேப்பம்" என்றார் மதினி.

அதன் பிறகு அண்ணன் முனகும்போதெல்லாம் வீடே என்னைப் பார்த்தது. "வழிச்சா ஒரு பொழுதாச்சும் சொகமா இருந்துச்சுடா. அதையும் கெடுத்துப்புட்டியே" என்று அண்ணனும் அழுதார். வறுத்த மணலைத் துணியில் முடிந்து முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தேன். யாரும் தொடாமலேயே அது வளர்ந்தது. சின்னத் தேங்காய் அளவு ஆனதும் வேட்டியை அதன் மேல் கட்ட முடியவில்லை. சொன்னபடி கேட்டும் வளர்கிறதே என்று நான் யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு மத்தியானம் கஞ்சியைக் கையில் வாங்கியவர் முதுகைப் பிடித்துக்கொண்டு அலறினார். வேர்வை ஊற்றியது. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"இப்பவாச்சும் அவுகளக் கூப்பிடுங்க தம்பி! ஒங்க கால்ல விழுறேன்!" என்று மதினி கதறினார்.

உத்தமபாளையத்துக்கு வண்டி போய்ச் சேருமுன் உயிர் இருக்காது என்று தெரிந்தது. ஓடிப்போய், நானே விரட்டிய மனிதரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அவர் குனிந்து தடவினார். அண்ணன் வயிறு முழுக்க உப்பியிருந்தது. விரல்கள் பழைய இடத்தைத் தேடின. சுற்றிலும் தேடின. பிறகு நிமிர்ந்து, "துடிப்பே இல்லம்மா. எறங்கிருச்சு" என்றார்.

மதினி இரண்டு கையையும் எடுத்து அவரைக் கும்பிட்டார். "கேட்டீகளா தம்பி? எறங்கிருச்சாம்!"

நான் அண்ணன் பாதத்தைப் பிடித்திருந்தேன். அது சில்லிட்டுக்கொண்டு வந்தது. அவர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். பாதி கடைவாய் வழியே வழிந்தது. மதினி சிரித்துக்கொண்டே முந்தானையால் துடைத்துவிட்டார்.