அக்கா சொன்ன இம்பெடிமென்ட்

போன ஞாயிற்றுக்கிழமை, நிறைந்த சர்ச்சில், என் அக்கா எழுந்து நின்றாள்.

பாட்டுக்காக அல்ல. ஜெபத்துக்காகவும் அல்ல. என் மகளின் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது உண்டா என்று பாஸ்டர் ஐயா கேட்டபோது எழுந்து நின்றாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்கிறேன். அதற்கு முன் ஒரு ஆங்கில வார்த்தையைப் பார்த்துவிடலாம்.

எங்களுடையது செகந்திராபாத்தில் ஒரு தமிழ் சர்ச். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, ஆராதனைக்கு நடுவே மாப்பிள்ளை, பெண் பெயர்களை வாசிப்பார்கள். ‘ஓலை வாசிப்பது’ என்போம். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம், யாருக்காவது தடை தெரிந்தால் இப்போதே சொல்லலாம் என்று அது முடியும். இங்கேயே படித்து வளர்ந்த பிள்ளைகளுக்காக ஐயா அதையே ஆங்கிலத்திலும் ஒருமுறை வாசிப்பார். அதில்தான் வருகிறது நம் வார்த்தை... இம்பெடிமென்ட்.

பள்ளிக்கூடத்தோடு படிப்பை முடித்தவன் நான். மகள் ஷீபாவிடம் அர்த்தம் கேட்டேன். கொண்டாப்பூரில் ஐ.டி. வேலை பார்க்கிறாள். நான் தமிழில் கேட்டால் பாதி பதில் ஆங்கிலத்தில்தான் வரும்.

“தடைதான் டாடி. பட் சீரியஸ் தடை,” என்றாள்.

ஒரு காரியத்தை நடக்கவிடாமல் குறுக்கே நிற்பது இம்பெடிமென்ட். பின்னால் ‘டு’ போட வேண்டும் — இம்பெடிமென்ட் டு மேரேஜ், இம்பெடிமென்ட் டு ப்ராக்ரஸ். ‘ஃபார்’ போடக் கூடாது. ஆட்டோ கிடைக்கவில்லை, மழை வந்துவிட்டது... இதற்கெல்லாம் இவ்வளவு பெரிய வார்த்தை வேண்டாமாம். ‘ப்ராப்ளம்’ போதுமாம். கல்யாணம் என்று வரும்போது, சட்டம் ஒப்புக்கொள்கிற தடை மட்டும்தான் கணக்கு. ஏற்கனவே கல்யாணம் ஆனவர், வயது போதாதவர், இப்படி. இன்னொன்றும் உண்டு. திக்கிப் பேசுவதை ஸ்பீச் இம்பெடிமென்ட் என்பார்களாம்.

“எனக்கு அது இருக்கோ?” என்று கேட்டேன். மைக்கைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“நோ டாடி. உங்களுக்கு ஸ்பீச்சே இல்ல.”

சரி, அக்காவுக்கு வருவோம்.

எங்கள் குடும்பத்தில் மூத்தவள். மாரெட்பள்ளியில் இருக்கிறாள். ஷீபா விரும்பியது சுதீர் என்ற தெலுங்குப் பையனை. சனத்நகரில் ஒரு பட்டறையில் அவன் அப்பாவுக்கு வேலை. நல்ல குடும்பம், நாங்கள் சரி என்று சொல்லிவிட்டோம். அதன் பிறகுதான் அக்காவிடம் போனோம். வரிசை மாறிவிட்டது இல்லையா... அது போதாதா?

“நக்கோடா தம்பி, வேணாம்,” என்றாள். “உன் பொண்ணு பேசுறதே அரைகுறைத் தமிழ். இனி அதுவும் போயிடும். என்னையக் கேக்காம முடிச்சிட்டேல்ல? ஓலை வாசிக்கட்டும். எந்திரிச்சு நிக்கிறேனா இல்லையா பாரு.”

சொன்னால் செய்கிறவள் அக்கா. என் ஸ்கூட்டரில் இனி ஏற மாட்டேன் என்று ஒருமுறை சொன்னாள். அதை நான் விற்கும் வரை ஏறவில்லை.

அத்தைக்குப் பிடிக்காதது எந்தச் சட்டத்திலும் தடை ஆகாது என்று ஷீபா தைரியமாகச் சொன்னாள். ஆனால் கல்யாணம் சட்டத்தை மட்டும் வைத்தா நடக்கிறது? சொந்த அத்தையே சபை முன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அந்தப் பெண் எந்த முகத்தோடு மணவறைக்குப் போவாள்? அத்தைக்கென்று எடுத்த பட்டுப்புடவையை ஷீபா அடிக்கடி பீரோவிலிருந்து எடுத்துப் பார்ப்பதும், திரும்ப வைப்பதுமாக இருந்தாள்.

முதல் ஓலை. பெண் அன்று சர்ச்சுக்கு வருவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். என் மனைவி போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முந்தானை நுனியைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் ஆண்கள் பக்கம். அக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயா என்ன வாசித்தார் என்று ஒரு வார்த்தை காதில் விழவில்லை. அக்கா இருமினாள். அவ்வளவுதான். இரண்டாவது வாரம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தாள். அதற்கே எனக்கு வேர்த்துவிட்டது.

மூன்றாவது வாரம் எழுந்தே விட்டாள்.

“ஐயா, ஒரு தடை இருக்கு.”

முந்தானை அன்றும் என் மனைவி கையில்தான் இருந்தது. இழுக்கத்தான் தெம்பில்லை.

பாஸ்டர் ஐயா தமிழ்நாட்டிலிருந்து போன வருடம் மாற்றலாகி வந்தவர். இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லி அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. சொல்லுங்கம்மா என்றார், மெதுவாக.

“பொம்மகண்டி என்பவரின் குமாரன் சுதீர் பால்னு வாசிச்சீங்க. பொம்மகண்டி பையனோட அப்பா இல்ல ஐயா. அது அவங்க வீட்டுப் பேரு. அப்பா பேரு ஆனந்த ராவ். அந்த மனுசன் நல்லா இருக்கும்போதே அவர் புள்ளைய நீங்க யாருக்கோ குடுத்துட்டீங்க.”

நம்மிடம் பெயருக்கு முன்னால் நிற்பது அப்பாவின் பெயர். தெலுங்குக்காரர்களிடம் அது வம்சத்தின் பெயர். ஐயா மூன்று வாரமும் நம் வழக்கப்படி வாசித்துவிட்டார். தமிழ் சபையில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

முதலில் பாடகர் குழுவில் யாரோ சிரித்தார்கள். பிறகு சபை முழுக்கச் சிரித்தது. ஐயாவும் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டு, ஆனந்த ராவின் குமாரன் என்று முதலிலிருந்து வாசித்தார். முடியும் வரை அக்கா உட்காரவில்லை. பையனின் சர்ச்சில் சரியாகவே வாசித்திருப்பதால் தேதி மாற வேண்டியதில்லை என்றும் சொன்னார். அப்புறம் அவளைப் பார்த்து, வேறு தடை உண்டா என்று கேட்டார்.

“இப்போதைக்கு இல்ல ஐயா,” என்று உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். இரண்டாவது ஓலைக்குப் பிறகு, எங்கள் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து சனத்நகர் போயிருக்கிறாள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரத்தானாம். சுதீரின் அம்மா முதலில் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். சாதமும் கோங்கூரா என்கிற புளிச்சக்கீரையும் இலையில் விழுந்த பிறகு சண்டை போட முடியுமா? வேலையிலிருந்து வந்த ஆனந்த ராவ், தன் வீட்டுப் பெயரின் கதையை ஆரம்பித்து மூன்று தலைமுறை சொல்லியிருக்கிறார். அக்கா இருட்டும் வரை கேட்டுவிட்டு, ஒரு பாட்டில் ஊறுகாயோடு வீடு திரும்பியிருக்கிறாள்.

“அப்ப ஐயாகிட்ட வெளிய வந்து சொல்லிருக்கலாமேக்கா. எதுக்கு எந்திரிச்ச?”

“எந்திரிப்பேன்னு சொல்லிட்டேனேடா,” என்றாள்.

அன்று சாயங்காலமே ஷீபா புடவையோடு மாரெட்பள்ளிக்கு ஓடினாள். அத்தை கரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கலர் கொஞ்சம் தூக்கல் என்றாளாம். ஆனால் மடியை விட்டு இறக்கவில்லையாம். இதை எனக்குச் சொன்னபோது என் மகள் முழுசாகத் தமிழிலேயே சொன்னாள். சந்தோஷத்தில் அவளுக்கே தெரியவில்லை.

எழுந்து நிற்கிறவர்கள் எல்லாம் எதிர்க்கத்தான் நிற்கிறார்கள் என்று நாமாக முடிவு செய்துகொள்கிறோம். வாயைத் திறக்கும் வரையாவது பொறுத்துப் பார்க்கலாம்.

இதோ, அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டும். ப்ரூஃப் பார்க்க அக்கா வந்து உட்கார்ந்துவிட்டாள் — அச்சகத்துக்காரரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.