உடும்பின் தொண்டை

குழந்தைகளுக்கான சாகசக் கார்ட்டூன்களில் நாயகனுக்கும் நாயகிக்கும் நல்ல குரல் வாய்த்துவிடுகிறது. மிச்சமிருப்பவர்கள் மிருகங்கள் ஆகிவிடுகிறார்கள். எங்கள் தொடரில் ஓர் அக்காவும் தம்பியும் காணாமல்போன அப்பாவைத் தேடி ஓட்டைப் படகில் தீவு தீவாகப் போவார்கள். கூடவே, உயரத்தைக் கண்டால் மயங்கிவிழும் ஓர் இருவாச்சிப் பறவை, தண்ணீரில் இறங்கினால் தும்மும் ஒரு நீர்நாய், எதைப் பார்த்தாலும் கெட்டது நடக்கப்போகிறது என்று சொல்லும் ஓர் உடும்பு. அந்த உடும்புக்குத் தமிழ்க் குரல் நான்தான்.

வார நாள்களில் சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் வியாதிகளைப் படிப்பேன். இவருக்குப் பாலிசி கொடுக்கலாம், இவருக்கு வேண்டாம், இவர் இன்னொரு பரிசோதனை செய்துகொண்டு வரட்டும். சனிக்கிழமையானால் ஒலிப்பதிவுக் கூடம். வீட்டில் மூன்று அலமாரி நிறைய ருஷ்ய நாவல் வைத்திருக்கும் ஒரு மனிதன், கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு, "மேகம் கறுக்குது! வால் அரிக்குது! நான் அப்பவே சொன்னேன்!" என்று கத்துவதை என் மேலாளர் இன்றுவரை அறியமாட்டார்.

உடும்பு சொல்லும் ஆபத்து எதுவும் வராது. அதன் வேடிக்கையே அதுதான். உண்மையான ஆபத்து வரும்போது அது ஒரு பாறைமேல் தூங்கிக்கொண்டிருக்கும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் அந்தந்தப் பாத்திரத்தின் மாதிரிக் குரலை ஒருமுறை போட்டுக் காட்டுவார்கள். ஹெட்போனில் அதைக் கேட்டுவிட்டு, தொண்டையை அதே இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திப் பேசவேண்டும். கதையில் எத்தனை ஓட்டை இருந்தாலும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். போன வாரம் பேசிய உடும்பு இந்த வாரம் வேறு மாதிரி பேசினால் விடமாட்டார்கள்.

முதல் சீசனில் அந்தக் கரகரப்பை வரவழைக்க நான் படாத பாடு பட்டேன். பதிவு முடிந்ததும் வெந்நீரைக் குடித்துவிட்டு ஊமையாக ரயிலில் வீடு திரும்புவேன். இரண்டாவது சீசனில் அவ்வளவு சிரமமில்லை. வாயைத் திறந்தால் உடும்பு தானாக வந்தது. டைரக்டர் என்னைவிட ரொம்பச் சின்னவர், கெட்டிக்காரப் பெண். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை தட்டினார்.

"அண்ணே, இன்னிக்கு வாய்ஸ் வேற மாதிரி இருக்கு லா! பழைய சாம்பிள தூக்கிடுவோம். இனிமே இதுதான்."

அன்றுமுதல் ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் அதே சடங்கு. என் புதிய குரல் மாதிரியாக ஏறும், பழையது போய்விடும். கலை முதிர்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கலைஞனுக்கு இப்படியெல்லாம் தோன்றுவது இயற்கைதான். உடும்புக்கு வசனம் எழுதும்போதே நிறையக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இருவாச்சிக்குக் குரல் கொடுத்தவர் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். இதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை.

எங்கள் புக்கிட் பாத்தோக் வீட்டில் மட்டும் இந்த வளர்ச்சிக்கு மதிப்பில்லை.

"ரெக்கார்டிங் முடிஞ்சுதானே வந்தீங்க?" என்றாள் மனைவி. "உடும்பை அங்கேயே விட்டுட்டு வரக்கூடாதா?"

"இது பயிற்சி."

"சாம்பார்ல உப்பு இல்லன்னு சொல்றதுக்கு என்ன பயிற்சி?"

டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். பார்க்கிறேன் என்றேன். அடுத்த மாதமும் சொன்னாள், அடுத்த மாதமும் பார்க்கிறேன் என்றேன். டாக்டர் மருந்து கொடுத்து, அதனால் தொண்டை சரியாகிவிட்டால் என்ன செய்வது? நான்காவது சீசன் வேறு பாதியில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போயிருந்தேன். எனக்கு வழக்கமாக மீன் வெட்டித் தருபவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னண்ணே, சளியா?"

"இல்லப்பா, கொஞ்சம் கரகரப்பு."

"போன தீபாவளிக்கும் இதத்தான சொன்னீங்க? அந்தச் சளிக்கு இன்னுமா வீசா முடியல?"

சிரித்தேன். சிரிப்பு இருமலாகி நிற்க நேரமாயிற்று. பக்கத்தில் ஒரு தாயோடு நின்றிருந்த சின்னப் பெண் என்னையே வெறித்துப் பார்த்தாள். பிறகு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு அவள் சட்டையை இழுத்தாள்.

"அம்மா, அந்த அங்கிள் உள்ள உடும்பு இருக்கு."

அம்மா மன்னிப்புக் கேட்டாள். நான் பெருந்தன்மையோடு தலையசைத்தேன். மீன் பையோடு வெளியே வரும்போதுதான் உறைத்தது: நான் நடிக்கவில்லை. மீன்காரரிடம் கொடுவா புதுசா என்றுதான் கேட்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் முதல் சீசனை மறுஒளிபரப்புச் செய்யும் பேச்சு வந்தது. ஓர் அத்தியாயத்தில் உடும்பு பேசும் இரண்டு மூன்று வரிகளை மாற்றவேண்டும். அந்த அத்தியாயத்தோடு ஒட்டவேண்டுமே என்று டைரக்டர் பழைய கோப்புகளைத் தேடி முதல் மாதிரியை எடுத்துப் போட்டார்.

ஹெட்போனில் யாரோ ஒருவர் பேசினார். நல்ல ஆரோக்கியமான மனிதர். தொண்டை கட்டியதுபோல் பாசாங்கு செய்கிறார், சுமாரான நடிகர்தான். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் சுத்தமான குரல் தப்பித்து வெளியே எட்டிப் பார்த்தது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். அதில்தான் நான் கல்யாணம் பேசி முடித்தேன்.

வசனத்தைச் சொன்னேன். டைரக்டர் சிரித்தார்.

"அண்ணே, ஓவரா போட்டுட்டீங்க. கொஞ்சம் கொறைங்க."

மறுபடி சொன்னேன்.

"இன்னும் கொறைங்கண்ணே. நார்மலா பேசிட்டு லேசா மட்டும் கரகரப்ப போடுங்க."

"நார்மலாத்தாம்மா பேசுறேன்."

அவர் சிரிப்பு உடனே போகவில்லை, முகத்தில் மாட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றது. பிறகு எந்திரத்தின் பக்கம் திரும்பி, சீசன் வாரியாக என் எல்லா மாதிரிகளையும் வரிசையாகப் போட்டார். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி கீழே இறங்கியது. சீசனுக்கு ஒருமுறை அளவுகோலையே வெட்டிக் குறைத்துவிட்டு, அளவு சரியாக இருக்கிறது என்று எல்லாரும் கை தட்டியிருக்கிறோம். நான்காவது மாதிரி முடிந்ததும் அவர் என்னோடு பேசும் பொத்தானை அணைத்தார். கண்ணாடி வழியாக அவர் உதடுகள் மட்டும் ஒலிப்பதிவாளரிடம் அசைந்தன. உதட்டசைவைப் படித்துத்தான் இத்தனை வருடம் பிழைத்திருக்கிறேன். அன்று வேண்டுமென்றே ஜன்னலில்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் கேமராவை விட்டு, 'ஈ' என்று சொல்லச் சொன்னார்கள். திரையில் என் தொண்டையைப் பார்த்தேன். குகைக்குள் ஈரமாக ஏதோ அசைந்தது. எங்கள் தொடரில் இப்படிப்பட்ட இடத்துக்குள் அக்காவும் தம்பியும் விளக்கோடு போவார்கள், நான் வாசலில் நின்று புலம்புவேன்.

ஒரு குரல்நாணில் வளர்ச்சி இருக்கிறது, எடுத்துப் பார்த்தால்தான் என்னவென்று தெரியும் என்றார் டாக்டர். அலுவலகத்தில் இந்த வாக்கியம் வரும் கோப்புகளை நான் 'பாலிசி வேண்டாம்' அடுக்கில் எடுத்துவைப்பேன். யாரும் கேட்காமலே கை அங்கே போகும்.

"குரல்?" என்று கேட்டேன்.

அதுவும் எடுத்த பிறகுதான் தெரியும் என்றார்.

மனைவி திட்டவில்லை. 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது, சொல்லவில்லை. என் பையிலிருந்த ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்து மடிப்பை நீவி நீவி நேராக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் நிஜமாகப் பயம் வந்தது.

டைரக்டர் தயங்கித் தயங்கிப் போனில் கேட்டார். ஆபரேஷனுக்கு முன்னால், வசனம் இல்லை, சத்தங்கள் மட்டும் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளலாமா? எங்கள் தொழிலில் இதைச் செய்வது உண்டு. சிரிப்பு, இருமல், முனகல் எல்லாம் கையிருப்பாக இருந்தால் பிறகு தேவையான இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். நேற்று போனோம். முதல் முறையாக மனைவியும் கூட வந்தாள். டைரக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் முன்னாலிருந்த திரையில் படம் ஓடவில்லை.

"சிரிப்புண்ணே." சிரித்தேன். "சாப்பிடுறது." மென்றேன். "தூங்குறது. வழுக்கி விழுறது. பயந்து ஓடுறது." எல்லாம் செய்தேன். ஒரு முழு வாழ்க்கையை இவ்வளவு சீக்கிரம் செய்து முடித்துவிடலாம் என்று எனக்குத் தெரியாது.

"கடைசியா ஒண்ணு. தூரத்துல போறவங்கள கூப்பிடுறது."

"யாரை?"

"படகு போயிடுச்சு. உடும்பு மட்டும் கரையில நிக்குது."

"விட்டுட்டுப் போறாங்களா?"

"அதெல்லாம் இல்லண்ணே. எதுக்கும் இருக்கட்டும்னு."

"ஏய், நில்லுங்க!" என்று கூப்பிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி பாதி எழுந்துவிட்டாள். பிறகு உட்கார்ந்தாள்.

"சேஃப்டிக்கு இன்னொண்ணு," என்றார் டைரக்டர். மறுபடி கூப்பிட்டேன். 'ஏய்' வந்தது. அதற்குப் பிறகு காற்றுதான் வந்தது.

எதை வைத்துக்கொள்வது என்று ஒலிப்பதிவாளர் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் மேசையைப் பார்த்தார். மனைவி குனிந்து, எந்தப் பொத்தான் என்று கேட்டு அழுத்தினாள். என் ஹெட்போனுக்குள் அவள் குரல் மிக அருகில் வந்தது.

"ரெண்டாவது வேணாம்மா. மொதல்ல கூப்பிட்டத வச்சுக்குங்க. அதுல இவரு கொஞ்சம் இருக்காரு."

நாளைக் காலை ஆஸ்பத்திரிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.