மதியத்துக்குள் சாகிற அக்கா

முருகையன் போன் செய்தபோது நான் கடலூரில் என் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒரு வளைகாப்பு வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தேன்.

“மச்சான், வசந்தா அக்கா செத்துட்டாங்க.”

“எத்தினியாவது தடவ?” என்று கேட்டுவிட்டு நான் சிரித்தேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஓசை வந்தது. “நெசமாத்தான் மச்சான். காலைல வூட்டுலயே. நெஞ்ச அடைக்குதுன்னு உக்காந்தாங்களாம், அவ்ளோதான்.”

ஒரு மனுஷி இறந்த செய்தியைக் கேட்டுச் சிரித்தவன் என்ற பெயரோடுதான் இந்த அஞ்சலியை நான் தொடங்க வேண்டியிருக்கிறது. அவரை அறிந்த உங்களுக்கு அந்தச் சிரிப்பு புரியும். அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் கல்யாண வீடியோ எடுப்பவன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அதே கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், இணையத்தில் போடுவதற்காகக் கல்லூரிக் கொலைப் படங்கள் எடுத்தேன். ஊரில் அவற்றைப் பேய்ப்படம் என்பார்கள். பேயெல்லாம் கிடையாது. இருபத்துமூன்று அரியர் வைத்த ஒருவன் முகமூடி மாட்டிக்கொண்டு கல்லூரிக்குள் புகுந்து, அகப்பட்டவர்களை எல்லாம் வரிசையாகக் குத்துவான். இப்படி எட்டுப் படங்கள். எட்டிலும் முதலில் சாகிறவர் வசந்தா அக்கா.

சிதம்பரத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தின் உதவியாளர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே படம் எடுக்க எங்களுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் சாவி வைத்திருப்பவர் கூடவே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் அவர் எங்களுக்கு அறிமுகமானார். நீலப் புடவையும் தோளில் ஒரு துணிப்பையுமாக மூலையில் நின்று, “சீக்கிரம் எடுங்கப்பா” என்பார்.

முதல் படத்தில் முதலில் சாக வேண்டியவள் ஒரு மாணவி. அவளுடைய அப்பா காலையில் போன் செய்து, “எம்பொண்ணு போட்டோவுக்கு மாலை போடற சீனு இருக்காமே, வேற ஆளப் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. எல்லோரையும் திட்டித் தீர்த்துவிட்டு, சும்மா கேமராவைச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஆய்வகத்தின் பொருள் அறைக் கதவுக்கு நேராக வைத்தேன். அந்த நேரம் அக்கா ஒரு ஸ்டூல் எடுக்க அந்த அறைக்குள் போயிருந்தார். கதவு தானாகச் சாத்திக்கொண்டு தாழ்ப்பாள் விழுந்துவிட்டது.

உள்ளேயிருந்து தட்டினார். பிறகு இடித்தார். பிறகு ஒரு அலறல் எழுந்தது. அப்படி ஒரு அலறலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. “தொறங்கடா! யாராவது தொறங்க! மூச்சு முட்டுதுடா!”

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எங்கள் கஷ்டத்தைப் பார்த்து இந்த அம்மா தானாகவே நடிக்க முன்வந்துவிட்டார் என்று நினைத்தேன். யாரும் பேசாதீர்கள் என்று கை காட்டினேன். கொலைகாரனாக நடிக்கிற முருகையனை முகமூடியோடு கதவுப் பக்கம் மெதுவாக நடக்கச் சொன்னேன். நாலு நிமிடம் அப்படியே ஓடியது. கடைசியில் தாழ்ப்பாளை நெம்பித் திறந்தபோது, வியர்வையும் அவிழ்ந்த கொண்டையுமாக வெளியே வந்த அக்கா கையிலிருந்த ஸ்டூலால் கொலைகாரனை ஒரு போடு போட்டார்.

“பிரமாதம்க்கா! என்னா நடிப்பு!” என்றேன்.

“நடிப்பா? உள்ள உசுரு போவுது, நீங்க படமா புடிக்கிறீங்க, பாவிங்களா!”

ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார். எங்களை ஒவ்வொருவராக முறைத்தார். பிறகு கேமராவின் அருகே வந்து, “எங்க, காட்டு பாப்பம்” என்றார். நாலு நிமிடத்தையும் கண் கொட்டாமல் பார்த்தார். “மூஞ்சே தெரியலியே தம்பி. உள்ளாற ஒரு லைட்டு வையி, இன்னொரு தடவ கத்துறன்.”

முருகையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவன். எங்கள் முகமூடியை அவன்தான் படகு ஒட்டும் பொருளிலேயே செய்தான். பார்த்தால் குலை நடுங்கும். என்ன பிரயோசனம், கண் ஓட்டையைச் சின்னதாக வைத்துவிட்டான். போட்டுக்கொண்டால் எதிரில் யானை நின்றாலும் அவனுக்குத் தெரியாது. தூணைக் குத்துவான், ஜன்னலைக் குத்துவான், ஒருமுறை என்னையே குத்த வந்தான். அக்காதான் வழி கண்டுபிடித்தார். கொலைகாரன் தடுமாறும்போதெல்லாம் அவர் அலறுவார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இவன் போய்ச் சேருவான். படத்தைக் கூர்ந்து கேட்டால் முகமூடிக்குள்ளிருந்து, “அக்கா, இன்னும் கொஞ்சம் கொரல் குடுங்க” என்று அவன் கெஞ்சுவது கேட்கும். குத்துப்பட வேண்டியவரே குத்துகிறவனைக் கூப்பிட்டுக் குத்து வாங்கினார்.

ரத்தம் இன்னொரு கூத்து. சர்க்கரைப் பாகில் குங்குமத்தைக் கரைத்து ஊற்றிவிட்டோம். அக்கா செத்துக் கிடக்கிறார், நான் கேமராவை மெல்ல நகர்த்துகிறேன், பிணம் முழங்கையைச் சொறிகிறது. அப்புறம் கழுத்தைச் சொறிகிறது. எறும்பு! நான் தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு அவரே ஒரு தூக்குவாளியில் ரத்தம் கொண்டுவந்தார். “ஜவ்வரிசிக் கஞ்சில பீட்ரூட்டு சாறு. எறும்பு ஜாஸ்தி வராது. மிஞ்சுனா குடிக்கலாம்.”

ஊரையே பயமுறுத்த வேண்டும் என்றுதான் நான் அந்தப் படங்களை எடுத்தேன். மைக் தலைக்கு மேலே தொங்குகிறது, செத்தவன் அடுத்த காட்சியில் பின்னால் நின்று டீ குடிக்கிறான், பிணம் சொறிகிறது. பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காதான் தேற்றினார். “பயந்தா ஒரு தடவ பாத்துட்டு மூடி வச்சிடுவாங்க தம்பி. சிரிச்சா வூட்டுல இருக்கறவங்க எல்லாரையும் கூப்ட்டு காட்டுவாங்க.” அப்படியேதான் நடந்தது. சிதம்பரம் பேருந்து நிலையத்தில் பசங்கள் அவரைப் பார்த்தால், “அக்கா, இந்த வாட்டி எப்புடி சாவுறீங்க?” என்று கேட்பார்கள். அவரும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவார்.

அவர் முதலில் சாவதை எல்லோரும் என்னுடைய நகைச்சுவை என்று நினைத்தார்கள். நான்காவது படம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தப் படத்தில் அவரை இடைவேளை வரையாவது உயிரோடு வைக்கலாம் என்று எழுதிக்கொண்டு போனேன். அவர் தாளைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“வேணாம் தம்பி. என்ன மதியத்துக்குள்ள கொன்னுடு. மூணு மணி மினிபஸ்ஸ வுட்டன்னா அவ்ளோதான்.”

நான் கத்தினேன். ஒரு நாள் முழுக்க இருந்தால் குடியா முழுகிவிடும் என்று கேட்டேன். அவர் கோபப்படாமல் விஷயத்தைச் சொன்னார். கீரப்பாளையத்தில் அவருடைய கணவர் பக்கவாதத்தில் படுத்து அப்போதே ஆறு வருடமாகியிருந்தது. ஒரு பக்கம் சுத்தமாக வராது. பேச்சும் குழறும். அக்கா ஊட்டினால்தான் சாப்பிடுவார், வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டார். ஞாயிறன்று எதிர்வீட்டுப் பெண் மூன்றரை மணி வரை துணைக்கு உட்காருவாள். கல்லூரியில் சிறப்பு வகுப்பு, லேப் திறக்க வேண்டும் என்று கணவரிடம் சொல்லிவிட்டு வருகிறார். இங்கே நடிப்பது கணவருக்குத் தெரியாது.

“பின்ன எதுக்குக்கா இங்க வந்து ஒவ்வொரு படத்துலயும் ரூம்புல மாட்டிக்கிட்டு கத்துறீங்க?” என்றேன். மடத்தனமான கேள்வி.

“இங்க கதவ சாத்துனா ஒரு மணி நேரத்துல தொறந்துடுவீங்க தம்பி” என்றார்.

அதன் பிறகு எந்தப் படமானாலும் மதியச் சாப்பாட்டுக்கு முன் அவரைக் கொன்று, முகம் கழுவவைத்து, பஸ் ஏற்றிவிடுவது என் வேலையாயிற்று.

ஏழாவது படத்துக்கு முன் அவராகவே ஒன்று கேட்டார். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். “ஒரே ஒரு படத்துல கடைசி வரைக்கும் சாவாம இருந்து வெளில வரணும் தம்பி. எல்லாரும் மாட்டிக்கணும், நான் மட்டும் வெளில வரணும்.” குமராட்சியிலிருந்து நாத்தனாரை ஒரு நாள் வரவழைத்து, கணவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். அன்று காலையிலிருந்து மாலை வரை எங்களோடு இருந்தார். மற்றவர்கள் எல்லோரும் செத்தார்கள். சாயங்காலம் கடைசிக் காட்சியில், பூட்டிக் கிடந்த கட்டடத்தின் கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே வந்தார்.

அதை நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். வெளியிடுவதற்கு முன் இருபது மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். பத்தாவது நிமிடத்திலிருந்தே, “அக்கா எப்ப சாவுவாங்க?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அரை மணி கழித்துப் போனை நோண்டினார்கள். முடிந்ததும், “ஏமாத்திட்டீங்கண்ணே” என்றார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து, முதல் படத்தின் மிச்சத்திலிருந்த அந்தப் பொருள் அறை அலறலை எடுத்து ஒட்டி, ஏழாவது படத்திலும் அவரைப் பத்தாவது நிமிடத்தில் கொன்றுவிட்டேன். கடைசிக் காட்சியை வெட்டி எறிந்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படம் வந்த மறுநாள் அவர் போன் செய்தார். “பாத்தன் தம்பி” என்றார். “நல்லாத்தான் செத்துருக்கன்.”

அவ்வளவுதான். எட்டாவது படத்துக்கும் சாவியோடு வந்தார், மதியத்துக்குள் செத்தார், மூணு மணி பஸ்ஸில் போனார். மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வருடம் இருந்தது. நான் கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இறந்த அன்று நானும் முருகையனும் கீரப்பாளையம் போனோம். அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவர் கணவரைப் பக்கத்து அறையில் கட்டிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார்.

“நீதான… அந்தக் கேமராக்காரன்?”

“ஆமாங்க மாமா.”

“எட்டும் பாத்துட்டன்.”

ஒவ்வொரு சொல்லாகத் தள்ளித் தள்ளிப் பேசினார். எதிர்வீட்டுப் பெண் முதல் படத்தையே தன் போனில் அவருக்குக் காட்டிவிட்டாளாம். “ஞாயித்துக்கெழம அவ அங்க சாவப் போயிருப்பா. நான் இங்க அவ முன்ன செத்ததப் பாத்துச் சிரிச்சிக்கிட்டுக் கெடப்பன்.”

“அக்காகிட்ட சொல்லலியா மாமா?”

“சொன்னா கூச்சப்பட்டு நிறுத்திடுவா.” கண்ணிலிருந்து நீர் ஒரு பக்கமாக வழிந்தது, துடைக்க அவரால் முடியவில்லை. “சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டு வாடின்னு சொல்லிருக்கலாம். அதையுந்தான் சொல்லல. அவ வர்ற வரைக்கும் செவுத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கணுமே. அந்த பயம்.”

அதைக் கேட்ட பிறகு என்னுடையதை எப்படி ஒளித்து வைப்பது? ஒரு படத்தில் அக்கா சாகவில்லை என்றும், நான்தான் வெட்டிவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் திட்டவில்லை. “வச்சிருக்கியா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். “கொண்டா.”

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, லேப்டாப்பைக் கட்டிலில் அவர் கண்ணுக்கு நேராக வைத்து ஏழாவது படத்தை முழுசாக ஓட்டினேன். முருகையன் வாசற்படியில் நின்று பார்த்தான். அவன் தூணைக் குத்தும் இடத்தில் மாமா சத்தமாகச் சிரித்தார். பத்து நிமிடம் தாண்டியது, அக்கா சாகவில்லை. அரை மணி தாண்டியது, சாகவில்லை. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்.

கடைசிக் காட்சி வந்தது. அலறிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். அக்கா ஓடவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்தார். படியில் உட்கார்ந்து ஒரு செருப்பைக் கழற்றி, உள்ளே இருந்த மண்ணைத் தட்டிவிட்டு மாட்டிக்கொண்டார். பிறகு எழுந்து, இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு நடந்தார். “கட்!” என்று நான் கத்துவது படத்தில் கேட்கிறது. அவர் திரும்பவில்லை. இன்னொரு முறை கத்தினேன். அவர் வெளிவாசலை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார்.

அதற்கு மேல் படம் இல்லை, சும்மா ஓடிய கேமராதான். நிறுத்துவதற்காகக் கையை நீட்டினேன்.

“நிறுத்தாத” என்றார் மாமா. “போவட்டும்.”

அக்கா வாசலைத் தாண்டி, சாலையில் திரும்பி, கண்ணுக்கு மறைகிற வரை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் படத்தை இப்போது வெட்டாமல் வெளியிட்டுவிட்டேன். என் கத்தலையும் அதிலிருந்து எடுக்கவில்லை. வசந்தா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான்: இரண்டு முறை நான் நிற்கச் சொல்லியும் அவர் நிற்காமல் போனதை.