ஜெபமாலைப் பையில் ஒரு பறவை

எங்கள் அனல்மின் நிலையக் குடியிருப்பில் பக்கத்து குவார்ட்டர்ஸில் இருப்பது கத்தோலிக்கக் குடும்பம். அவர்கள் பெண் மூன்றாம் வகுப்பு. போன வருஷம் அவளுக்குப் புதுநன்மை வந்தது. பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். அதற்குப் பத்து நாள் இருக்கையில் அவளே வந்து எங்கள் கதவைத் தட்டினாள்.

"ஆன்ட்டி, எனக்கு ஜெபமாலை வைக்க ஒரு பை தைச்சுத் தர்றீங்களா? பெரியவளானாலும் வச்சிருப்பேன்."

நான் எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் ரவிக்கை தைப்பவள். எங்கள் வீட்டில் முருகன் படம்தான் உண்டு. ஆனாலும் அவள் கேட்ட விதத்தில் மறுக்க முடியவில்லை. அவளுடைய அம்மா ஒரு படத்தைக் கொடுத்து அதையே பையில் போடச் சொன்னார். ஒரு கிண்ணம், மேலே வட்டமாக அப்பம், கீழே ஐ, எச், எஸ் என்று மூன்று ஆங்கில எழுத்துகள்.

"இயேசுவோட பேருதாங்க, சுருக்கமா" என்றார்.

வெள்ளை சாட்டின் துணி வாங்கினேன். படத்தை பட்டர் பேப்பரில் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த நீலத்தைத் தடவித் துணியில் இறக்கினேன். தங்க நிற நூலில் ஒரு வாரம் வேலை. முடிந்ததும், ஷிப்ட் விட்டு வந்த கணவரிடம் பெருமையாகக் காட்டினேன்.

"எஸ், எச், ஐ" என்று படித்தார். "என்ன, ஷிப்ட்னு எழுத வந்து பாதியில வுட்டுட்டியா?"

பேப்பரைப் புரட்டிப் போட்டிருக்கிறேன்! கிண்ணத்துக்கும் அப்பத்துக்கும் இடம் வலம் ஒன்றுதான், எழுத்துக்கு அப்படியா? பிரித்தால் சாட்டினில் ஊசித் துளை நிற்கும். புதிதாகப் போட நாளில்லை. பையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அந்த அக்கா பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"பிரிக்காதீங்க. மேல ஒரு புறா போட்டு மூடிடுங்க. திரும்பி இருந்தா என்ன, அவர் பேரு அவருக்குத் தெரியாதா?"

யோசனை நல்லதுதான். ஆனால் மூன்று எழுத்தை மூடுகிற புறா எவ்வளவு அகலம் வேண்டும்! வெள்ளை நூலுக்குள்ளிருந்து தங்க நிறம் எட்டிப் பார்த்தது. இன்னொரு சுற்று நிரப்பினேன். ஒரு பக்கம் எஸ் நீட்டிக்கொண்டிருந்தது. வாலைத் தூக்கி வளைத்தேன். தலைக்கு மேல் ஐயின் நுனி தெரிந்தது. அதற்குள் வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது. கைக்குக் கிடைத்த சிவப்பு நூலில் நாலு தையல் போட்டு மறைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"குண்டா இருக்கு ஆன்ட்டி. எனக்குப் பிடிச்சிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை நாங்களும் மாதா கோயிலுக்குப் போனோம். வெள்ளை கவுனும் தலையில் பூமுடியுமாக அவள் வரிசையில் போனபோது, பெற்றவளைப் போல நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். பூசை முடிந்து வெளியே நிற்கையில், அவளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் சிஸ்டர் பையை வாங்கிப் பார்த்தார்.

"சேவல்! பேதுரு இயேசுவைத் தெரியாதுன்னு சொன்னப்ப கூவுச்சே, அதுதானே? பாடம் நடத்துற எங்களுக்கே இது தோணலையே! யாரு போட்டது?"

பெண் என்னைக் காட்டினாள். அவள் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டார். என் கணவர் கூலிங் டவர் புகையை அன்றுதான் முதல்முறை பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா சிஸ்டர், சேவல்தான்" என்றேன்.

அதற்குள் இன்னொரு தாய் வந்துவிட்டார். "எங்க பையனுக்கு அடுத்த வருஷங்க. இதே மாதிரி ஒரு சேவல் போட்டுத் தருவீங்களா?"

சிஸ்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தருகிறேன் என்று தலையாட்டினேன்.

வீடு திரும்பும்போது பெண் என் கையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள்.

"பொய் சொன்னா அதை எங்க சாமியார்கிட்ட சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும் ஆன்ட்டி."

"எங்களுக்கு அதெல்லாம் கிடையாதும்மா."

கையிலிருந்த பையைத் திருப்பிச் சேவலைப் பார்த்தாள்.

"பரவால்ல. உங்களுதையும் சேர்த்து நானே சொல்லிடறேன்."