சாராவைத் தூக்காத அப்பா

"பனீர் மிச்சமாயிடுச்சுன்னு சோமாசிக்குள்ள வெச்சுட்டேன். திட்டாம சாப்பிடுங்க" என்று தட்டை நீட்டினாள் மனைவி. திட்டவா? டப்ளின் வீட்டுச் சமையலறையில் நின்றபடி ஒரு கடி கடித்தேன், அவ்வளவுதான், ஆள் நியூஜெர்சிக்குப் போய்விட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்சிப்பனி பக்கம் ஒரு வீட்டு பேஸ்மென்டில் நானும் சேகரும் குடியிருந்தோம். மேலே முராத் குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாடைக்கட்டி வைத்து ஹலிவா பொரிக்கிற வாசனை படியிறங்கி வரும். வெந்நீர் வைப்பதோடு என் சமையல் முடிந்துவிடும் என்பதால், மோப்பம் பிடித்து மேலே போய் நிற்பேன். நம் சோமாசியேதான், இனிப்புதான் இல்லை. அவர்கள் சர்க்காசியர்கள், காக்கேசிய மலைக்காரர்கள். ரஷ்யப் படை துரத்தியதில் முன்னோர்கள் கப்பலேறி, கடைசியில் சிரியாவில் ஒதுங்கினார்களாம். அங்கேயும் சண்டை வந்து, வீடு போய், இங்கே வந்திருந்தார்கள். அவர்கள் மொழியில் பாதி எழுத்து தொண்டையிலேயே நின்றுகொள்ளும். முராத்தின் அப்பா சக்கர நாற்காலியில் அறைக்குள் வந்தால் வீடே எழுந்து நிற்கும். ஏனென்று தெரியாமல் நாங்களும் நிற்போம்.

முராத்துக்கு சாரா என்று மூன்று வயதுப் பெண். தன் அப்பா எதிரில் அவளை அவன் தொடவே மாட்டான். "பாபா" என்று காலைக் கட்டிக்கொண்டாலும் சுவரைப் பார்ப்பான்.

"என்ன மச்சி, பெத்த பொண்ணையே கண்டுக்க மாட்டேங்கிறான். சரியான கல்லு!" என்று பொருமினான் சேகர்.

கல்லெல்லாம் இல்லை. பெரியவர்கள் முன்னால் தன் குழந்தையைக் கொஞ்சுவது அவர்களிடம் மரியாதைக் குறைவு. பெரியவர் தன் அறைக்குப் போனதும் பார்க்க வேண்டுமே, அந்தத் தடியன் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு சமையலறையைச் சுற்றிச் சுற்றி ஓடுவான்.

அந்தக் குழந்தைக்குத்தான் ரத்தப் புற்று வந்தது. பனிக்காலம் முழுக்க ஆஸ்பத்திரி. பெரியவரை காரில் கூட்டிப்போவது என் வேலையாயிற்று. ஒருநாள் மத்தியானம், இனி அதிக நேரமில்லை என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். கட்டிலில் அம்மா அவளை அணைத்தபடி கிடந்தாள். முராத் கதவோரம் நின்றான். சாரா அவனைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவன் நகரவில்லை. போய்த் தூக்கேண்டா, பாவி என்று மனசுக்குள் கத்தினேன்.

சக்கர நாற்காலியில் பக்கத்திலிருந்த பெரியவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷில், "என்னை வெளிய தள்ளிட்டுப் போ. சீக்கிரம்" என்றார். பேத்தியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். வெளியே வந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார்.

உள்ளே முராத் கொஞ்சுவது கேட்டது, அவர்கள் மொழியில், விடாமல். ரொம்ப நேரம் கழித்து அது நின்றது. பிறகு அலறல். நான் நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பினேன்.

"வேணாம். என்னைப் பார்த்தா அழுகையை அடக்கிடுவான். அழட்டும்" என்றார் பெரியவர். உயிரோடு பேத்தியைப் பார்க்க அவருக்கு அதற்கப்புறம் வாய்க்கவில்லை.

அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். வீடு கைமாறி, முராத் இப்போது டெக்சாஸில் இருக்கிறான். அப்புறம் பிறந்த பையனுக்கு அவர்கள் மொழியில் ஒரு வார்த்தை வராது. சோமாசித் தட்டை வைத்துவிட்டு முராத்துக்கு போன் பண்ணினேன்.

"பையனை எல்லார் முன்னாடியும் தூக்கறேன், முத்தம் குடுக்கறேன். யாரும் ஒண்ணும் சொல்றதில்ல" என்றான். "எனக்காக வெளிய போகவும் யாருமில்ல."