பனியில் விட்ட பூட்ஸ்

மகள் புதிதாகச் செருப்பு ஸ்டாண்டு ஒன்று வாங்கி, வீட்டுக்குள்ளேயே கதவை ஒட்டி வைத்துவிட்டாள். "வெளிய கெடந்தா நாய் தூக்கிட்டுப் போயிருதுப்பா" என்கிறாள். கதவைத் திறந்ததும் செருப்பு வாடை. எனக்கு உடனே ரஷ்யா ஞாபகம். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலில் ஓர் அச்சகத்தில் படம் வரைந்துகொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகைக்குக் குத்துவிளக்கு, தீப்பெட்டி லேபிளுக்கு மயில், அவ்வளவுதான் என் கலை. மயிலும் சில நாள் கோழியாக வந்து நிற்கும். அப்போது மெட்ராஸ் பதிப்பகம் ஒன்று, தமிழ்ப் பிள்ளைகள் ரஷ்ய மொழி படிக்கப் பாடப்புத்தகம் போட நினைத்தது. அச்சக முதலாளி அண்ணாச்சிக்கு அங்கே சொந்தக்காரர் இருந்தார். மாதிரிப் பாடம் ஒன்றை வடிவமைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. பிடித்துப்போனால் மெட்ராஸில் நிரந்தர வேலை.

பென்சிலைச் சீவுவதற்கு முன்பே டிரங்குப் பெட்டி வாங்கிவிட்டேன். மெட்ராஸ் வெயில் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று டீக்கடையில் கவலைப்பட்டேன், அதுவும் சங்கரன்கோவில் வெயிலில் நின்றுகொண்டு.

பாடம், 'எங்கள் வீடு'. ரஷ்ய எழுத்துக்கு அச்சு ஏது? பார்த்துப் பார்த்துக் கையால் எழுதினேன். பனிக்கு எங்கே போவது? திருவேங்கடம் ஊர்ப் பக்கம் கரிசல் காட்டில் வெடித்துக் கிடக்கிற பருத்தியை நினைத்துக்கொண்டு கூரைமேல் குவித்தேன். உள்ளே அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். எல்லார் காலிலும் பூட்ஸ். முடித்த பிறகு மனசு உறுத்தியது. பூட்ஸ் காலோடா சோறு தின்பார்கள்? அழித்துவிட்டு வெறுங்கால் போட்டேன். நாலு ஜோடி பூட்ஸையும் வாசல் பனியில் வரிசையாக விட்டேன்.

புத்தகத்தைச் சரிபார்க்கிற ரஷ்ய அம்மாள் எங்கள் ஊர்க் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா பார்க்க வந்தவர், அச்சகத்துக்கும் வந்தார். வாசலில் கிடந்த எங்கள் செருப்புகளைப் பார்த்துத் தன்னுடையதையும் கழற்றிவிட்டு நுழைந்தார். என் படத்தை வாங்கிப் பார்த்தார். பேசியது அச்சுத் தமிழ்.

"காலணிகள் ஏன் வெளியே உள்ளன?"

"வீட்டுக்குள்ள செருப்போட யாரும்மா வருவா? நீங்களும் வாசல்லதான கழட்டிப் போட்டிய?"

"இங்கே பனி இல்லையே. நாங்கள் கதவுக்கு உள்ளே கழற்றுவோம். வெளியே விட்டால் காலையில் கல்லாகிவிடும்."

நான் ரப்பரைத் தேடினேன். அண்ணாச்சி முந்திக்கொண்டார். "பய மாத்திக் குடுத்துருவாம்மா. அவன் ரஷ்யாவ எங்கன கண்டான்?" அம்மாள் சிரித்துவிட்டார்.

பூட்ஸை உள்ளே கொண்டுவந்து வரைந்து அனுப்பினோம். புத்தகம் வரவே இல்லை. ரஷ்யன் படிக்கப் பிள்ளைகள் சேரவில்லை என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டிரங்குப் பெட்டியில் அம்மா மிளகாய் வற்றல் போட்டு வைத்தாள்.

வேலைக்குப் பதிலாகப் பேர் கிடைத்தது. "ஏலே ரஷ்யா, மயிலு முடிஞ்சுதா?" என்று அண்ணாச்சி ஆரம்பித்தார், டீக்கடையும் பிடித்துக்கொண்டது. முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

அச்சகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. டீக்கடையும் இல்லை. அந்தப் பெரிய தேசமே துண்டு துண்டாகிப் போனது. அப்போதும் அண்ணாச்சிக்கு நான் ரஷ்யாதான். போன தையில் அவரும் போய்விட்டார். இனி இந்த ஊரில் என்னை அப்படிக் கூப்பிட ஆள் இல்லை.