கொப்பியோடு ஜிம்முக்கு வந்தவர்

யுத்தம் முடிந்து ஏழெட்டு வருடம் இருக்கும். புத்தளம் பக்கம், நுரைச்சோலைச் சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு ஹார்ட்வேர் கடையின் மேல்மாடியில் புதிதாக ஜிம் ஒன்று திறந்திருந்தார்கள். பின்னேரம் ஆண்களுக்கு. காலை ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணி வரை பெண்களுக்கு மட்டும். வீதிப்பக்க யன்னல்களுக்குத் தடித்த நீலத் திரை போட்டிருக்கும். அந்தத் திரைக்குள்ளே எனக்கு நடந்த கதை இது.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பது என் வேலை. காலையில் தையல் மெஷினில் உட்கார்ந்தால் பகல் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவேன். கிளினிக்கில் டொக்டர் என் கார்டைப் பார்த்துவிட்டு, சீனியும் கூடிவிட்டது, பிரஷரும் கூடிவிட்டது, இப்படியே எடை ஏறினால் முழங்கால் இரண்டும் கைவிட்டுவிடும் என்றார். நடக்கச் சொன்னார். எங்கள் மணல் ஒழுங்கையில் ஒரு பெண் காரணமில்லாமல் வேகமாக நடந்தால், வீட்டில் யாருக்கு என்ன வருத்தம் என்று நாலு பேர் கேட்டுக்கொண்டு பின்னால் வருவார்கள். இரண்டு நாள் நடந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இத்தாலியில் இருக்கிற என் தங்கச்சிதான் ஜிம்முக்குப் போ, போ என்று ஃபோனில் பிடிவாதம் பிடித்தாள். ஒரு பெட்டியும் அனுப்பினாள். பளிச்சென்ற இளஞ்சிவப்பில் ஒரு சோடி சப்பாத்து, விரல் நுனி வெளியே தெரிகிற கையுறை, மணிக்கட்டுக்குப் பட்டி. இதையெல்லாம் போட்டுக்கொண்டு அலுமாரிக் கண்ணாடி முன்னால் நின்றபோது எனக்கே யாரையோ பார்ப்பதுபோல இருந்தது. கடலுக்குப் போய்வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த என் கணவர் ஏறிட்டுப் பார்த்தார். தேத்தண்ணிக் கோப்பையோடு எழும்பி வெளியே போய்விட்டார். சிரிக்கத்தான் போனார் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் படியேறிப் போனதும் கால் பின்வாங்கியது. மூன்று சுவரிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான், முன்னாலும் நான், பக்கவாட்டிலும் நான். பயிற்சி கொடுக்கிற பிள்ளை சிலாபத்துச் சிங்களப் பிள்ளை, இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல மாதிரி. எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். தமிழும் சிங்களமும் கலந்து ஒவ்வொரு மெஷினாகக் காட்டினார். நான் ஓம், ஓம் என்று தலையாட்டினேன். கடைசியில், "விளங்கினதா அக்கா? விளங்காட்டி எத்தனை தரம் எண்டாலும் கேளுங்க" என்றார். எனக்குச் சிங்களமும் தெரியும், தமிழும் தெரியும். ஆனாலும் ஒன்றுமே விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு இளம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "விளங்கினது மிஸ்" என்று சொல்லிவிட்டேன்.

என்ன செய்வது? யாரையாவது பார்த்துச் செய்யலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் மூலையில் நின்ற அந்தப் பெண் கண்ணில் பட்டார். உயரமானவர், மெலிந்தவர். முழுக்கை நீளச் சட்டை, கணுக்கால் வரை கறுப்புக் கழுசான், தலையில் இறுக்கிக் கட்டிய கறுப்புத் துணி, தோளில் துவாய். சிரிப்பே இல்லாத முகம். கையில் ஒரு சின்னக் கொப்பியும் பேனையும். கொப்பி எழுதுகிற அளவுக்கு இதில் ஊறினவர் என்று முடிவு செய்தேன். அவர் போகிற மெஷினுக்கு நானும் போனேன், அவர் எழும்பியதும் நான் உட்கார்ந்தேன்.

இரண்டாம் மூன்றாம் நாளிலேயே ஒன்று கவனித்தேன். நான் அவரைப் பார்க்கிறபோதெல்லாம் அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் கண்ணும் கண்ணும் முட்டும். இரண்டு பேரும் உடனே வேறு பக்கம் திரும்புவோம். திரும்பியதும் அவர் கொப்பியை எடுத்து ஏதோ எழுதுவார்.

என்னைப் பற்றி என்ன எழுதுகிறார்? நான் பிழையாகச் செய்வதை மிஸ்ஸிடம் சொல்லிக்கொடுக்கவா? என் உடம்பைப் பார்த்து ஏளனமா? அல்லது எனக்கு ஞாபகமில்லாத பழைய ஆளா? நான் தைத்துக் கொடுத்த சட்டை ஏதும் அளவு பிழைத்து, அந்தக் கோபமா? இரவு பகலாக யோசித்தேன். கணவரிடம் சொன்னேன்.

"ஏன் பாக்கிறீங்க எண்டு கேட்டா முடிஞ்சுது. இதுக்குப்போய் ஒரு யோசனை" என்றார்.

அவருக்கு அது லேசு. நான் என்னவென்று கேட்பது? நீங்கள் என்னைப் பார்க்கிறீர்களே என்று கேட்டால், நீங்கள் ஏன் என்னைப் பார்க்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க மாட்டாரா?

அங்கே ஒரு மெஷின் இருந்தது. மேலே நீளக் கம்பி தொங்கும். அதைப் பிடித்து இழுத்தால் பின்னால் அடுக்கிய இரும்புக் கட்டிகள் மேலே ஏறும். எத்தனை கட்டி வேண்டுமோ அந்த ஓட்டையில் ஓர் ஊசியைச் செருக வேண்டும். அதில் நாங்கள் செய்த வேலை இருக்கிறதே! உட்காருகிற இடத்தில் இரண்டு முழங்காலையும் ஊன்றி, மெஷினுக்கு முதுகைக் காட்டி, கம்பியைப் பிடரிக்குப் பின்னால் இழுப்போம். மாதா கோவிலில் முழந்தாளில் நிற்பதுபோல. எனக்கு முழங்கால் உயிர் போகும். ஆனாலும் தெரிந்தவர் செய்கிறார், காரணம் இல்லாமலா இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். அவர் ஊசியை ஒரு கட்டி கீழே இறக்கிச் செருகினால் நானும் இறக்குவேன். அடுத்த நாள் வந்து பார்த்தால் அவர் இன்னுமொன்று கூட்டியிருப்பார்.

இரண்டு கிழமை இப்படிப் போனது. என் வலது முழங்கால் வீங்கிவிட்டது. இனி ஏலாது, இன்றோடு நிற்பாட்டிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த வெள்ளிக்கிழமை போனேன்.

அன்று மழை. இளம் பிள்ளைகள் யாரும் வரவில்லை. மிஸ்ஸும் கீழே கடையில் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். மேலே நானும் அவரும் மட்டும். அவர் என்னைப் பார்க்கிறார் என்ற வெட்கத்தில், இதுவரை ஏறாத ஓடுகிற மெஷினில் போய் ஏறினேன். கடைசி நாள்தானே, தெரிந்தவள் மாதிரி ஒரு தரமாவது நடந்துவிட்டுப் போவோம் என்று ஒரு வீம்பு. ஒரு பொத்தானை அமத்தினேன். கீழே பட்டி மெதுவாக நகர்ந்தது. நன்றாக இருந்தது. இன்னொன்றை அமத்தினேன். வேகம் கூடியது. குறைக்கலாம் என்று பக்கத்துப் பொத்தானை அமத்தினேன். அது இன்னும் கூட்டிவிட்டது.

நடை ஓட்டமாக மாறியது. பக்கத்துக் கைப்பிடிகள் இரண்டையும் இறுக்கிப் பிடித்தேன். கையை எடுத்துப் பொத்தானைத் தேடினால் விழுந்துவிடுவேன். வீங்கின முழங்கால் மடங்கிக்கொண்டே போனது. "அக்கா, நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

அவர் ஓடிவந்தார். வந்தவர் பொத்தான்கள் முன்னால் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. "எந்த ஒண்ட அமத்தணும் அக்கா?" என்று என்னிடம் கேட்டார்! ஓடிக்கொண்டிருக்கிற எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவர் சட்டென்று குனிந்து, வயர் போன வழியே சுவர்வரை போய், இடது கையால் முழுப் பலத்தோடு பிளக்கைப் பிடுங்கினார்.

பட்டி டக்கென்று நின்றது. நான் முன்னால் போய் மோதி, வழுக்கி, நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். உதடு வெடித்து இரத்தம். வேறொன்றும் ஆகவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவரும் சுவரோடு நிலத்தில் உட்கார்ந்திருந்தார். இடது கையை வலது கையால் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"என்ன அக்கா, கை உடைஞ்சுதா?" என்று தவழ்ந்து பக்கத்தில் போனேன்.

"இல்ல. முந்தியே நோவு. உங்களுக்கே இந்த மெஷின் தெரியாட்டி நான் என்ன செய்ய? நீங்க பழைய ஆள்தானே?"

"நானா? நான் வந்து ரெண்டு கிழமை. நீங்கதானே பழைய ஆள்?"

"நான் உங்களுக்கு முதல் நாள் வந்தேன்" என்றார் அவர். "ஒண்டும் விளங்கல்ல. அடுத்த நாள் நீங்க வந்தீங்க. சப்பாத்தும் கையுறையுமா. வெளிநாட்டுல எல்லாம் பழகின ஆள் எண்டு நெனச்சேன். நீங்க செய்யிறதப் பாத்துத்தான் நான் எல்லாம் செஞ்சேன்."

கொப்பியை எடுத்து நீட்டினார். வாங்கி விரித்தேன். பக்கம் பக்கமாகக் குச்சி மனிதர்கள். ஒரு குச்சி மனிதி முழங்காலில் நின்று கம்பியை இழுக்கிறாள். இன்னொருத்தி குனிகிறாள். கீழே எத்தனை தரம், எத்தனை கட்டி என்று எழுதியிருந்தது. எல்லாம் நான்தான். என்னைப் பார்த்து அவர் வரைந்தது. அவரைப் பார்த்து நான் செய்தது.

அப்படியானால் அந்த முழங்கால் வேலையை முதலில் தொடங்கினது யார்? நான் அவரைச் சொன்னேன். அவர் என்னைச் சொன்னார். சத்தியமாக நீங்கள்தான் என்று இரண்டு பேருமே சொன்னோம். அழுதுகொண்டே சிரித்துவிட்டோம்.

சிரிப்பு அடங்கினதும்தான் அந்தக் கையைப் பற்றிக் கேட்டேன். திரையெல்லாம் மூடித்தான் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார். சின்ன வயதில் மன்னாரிலிருந்து குடும்பத்தோடு வந்து ஆலங்குடாப் பக்கம் இருப்பவர். மூன்று மாதத்துக்கு முன்னால் மார்பில் ஒரு கட்டியை எடுத்திருக்கிறார்கள். அந்தக் கைக்கு அடியில், கமக்கட்டுக்குள்ளும் வெட்டு.

"கைக்குப் பயிற்சி குடுக்கச் சொன்னாங்க. என்ன மாதிரி எண்டு அவங்க சொல்லல்ல. நானும் கேக்கல்ல. இந்த மிஸ்ஸுக்கிட்டயும் வெக்கத்தில சொல்லல்ல. நீங்க ஒவ்வொரு கட்டியாக் கூட்டினீங்க, நானும் கூட்டினேன். இப்ப ஒரு கிழமையா தண்ணி முட்டிகூடத் தூக்க ஏலாது."

அவர் கூட்டினார் என்றுதானே நான் கூட்டினேன்.

மிஸ் மேலே வந்தபோது எங்கள் இருவர் கோலத்தையும் பார்த்துப் பயந்துபோனார். முழுக் கதையையும் நானே சொன்னேன். மிஸ் தலையில் கை வைத்தார்.

"ஐயோ அக்கா, நீங்க ரெண்டு பேரும் ஒண்டா வந்த ஆக்கள் எண்டுதானே நான் நினைச்சது! ரெண்டு பேரும் ஒரே மாதிரிச் செய்யிறீங்க. வேற எங்கயோ விசேஷமாச் சொல்லிக் குடுத்திருக்கு எண்டு நினைச்சுத்தான் நான் வாய் திறக்கல்ல."

மிஸ்ஸும் கேட்கவில்லை.

அன்றைக்கே மிஸ் அவரைப் புத்தளத்துக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அடுத்த கிழமை முழுக்க அவர் வரவில்லை. அவர் பெயர்கூட நான் கேட்டிருக்கவில்லை. காலையில் ஜிம்முக்குப் போய்ப் படியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வீட்டில் தைக்க உட்கார்ந்தால் ஊசி ஓடாது. இனி அந்தக் கை சரிவராது என்று யாராவது வந்து சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

ஒன்பதாவது நாள் வந்தார். சட்டைக்கு மேலே தெரியாவிட்டாலும் கை முழுக்க இறுக்கமான உறை போட்டிருப்பதாகச் சொன்னார். கை நீர் பிடித்து வீங்கத் தொடங்கியிருந்ததாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அது வற்றுவது கஷ்டம் என்று டொக்டர் நன்றாக ஏசினாராம்.

"ஆரு இதச் சொல்லித் தந்த எண்டு கேட்டாரு" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"ஒரு அக்கா எண்டு சொன்னேன்." கொஞ்சம் யோசித்து, "பொய் இல்லத்தானே?" என்றார்.

அவர் முகத்தில் முதல் தடவையாக நல்ல சிரிப்பு. எனக்குச் சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. மன்னிப்புத்தான் கேட்டேன். அவரும் என் முழங்காலைப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு மிஸ் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்து, பாரமே இல்லாத ஒரு தடியைக் கையில் தந்து, ஒன்றிலிருந்து தொடங்கினார். விளங்காததை விளங்கவில்லை என்று சத்தமாகச் சொன்னோம். இளம் பிள்ளைகள் பார்த்தார்கள்தான். பார்த்துவிட்டு அவர்களும் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்கள்.

அந்த முழங்கால் வேலையை யார் முதலில் தொடங்கினது என்று நாங்கள் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. இப்போது கிளினிக்கிலோ வங்கியிலோ பிள்ளையின் பள்ளிக்கூடத்திலோ யாராவது "விளங்கினதா?" என்று கேட்டால், எனக்கு முதலில் வருவது "ஓம்" இல்லை. நான் ஒன்றும் தெரியாமல், தெரிந்தவள்போல நின்ற அந்த இரண்டு கிழமையும், என்னை நம்பி ஒருவர் தன் நோகிற கையைத் தூக்கிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.